தங்க நாக்குப் பயிற்சி மையம்

இமாசுவெனை நான் முதன்முதலில் பார்த்தபோது, கோட்டும் உள்கோட்டும் டையும் மாட்டிக்கொண்டு ஒரு டயர் கடையின் மாடிப்படியில் நின்று வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். மார்ச் மாதம். பெனின் நகரத்தில் அந்த மாதத்தில் ஆடுகள்கூட நிழலை விட்டு நகராது. இவன் கம்பளிக் கோட்டில் நிற்கிறான். வயது இருபத்தேழுக்கு மேல் இராது. எனக்கு அப்போது முப்பத்து நான்கு. அந்தக் கோட்டைப் பார்த்த உடனேயே நான் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை, ஏனென்றால் எனக்கு இங்கிலீஷில் தேர்ச்சி தேவைப்பட்டது.

என் பெயர் அமென்ஸே. நியூ பெனின் சந்தைக்குப் பின்னால் பன்னிரண்டு படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பதினோரு வருடமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போடுவேன், டிரிப் ஏற்றுவேன், டாக்டர் வந்து சேர்வதற்குள் இரண்டு பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் நர்ஸ் இல்லை, உதவியாள். நர்ஸ் பள்ளியில் சேர வேண்டுமானால் பள்ளி இறுதித் தேர்வில் இங்கிலீஷில் நல்ல மதிப்பெண் வேண்டும். உயிரியலில் எனக்கு இருந்தது, வேதியியலில் இருந்தது, கணக்கில்கூட இருந்தது. இங்கிலீஷை மட்டும் மூன்று தரம் எழுதி மூன்று தரமும் கோட்டை விட்டிருந்தேன். நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறவள்தான். காகிதத்தைக் கண்டால் விரல் விறைத்துக்கொள்ளும்.

எங்கள் தலைமை நர்ஸான மேட்ரன் அவ்வப்போது என்னைக் குத்திக்காட்டுவார். தான் ஓய்வு பெற்ற பிறகு யாரோ ஒரு இருபத்திரண்டு வயதுப் பெண் அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்து எனக்கு உத்தரவு போடப் போகிறாள், அவளுக்கு ஊசி போட நான்தான் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்பார். சொல்லிவிட்டு என் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனையும் எடுத்துக்கொள்வார்.

அதனால்தான் டயர் கடை மாடிக்குப் போனேன். கீழே ஒலிபெருக்கியில் இமாசுவெனின் குரல் பதிவு செய்யப்பட்டு நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். ஆயிரம் அரிய சொற்கள், நூறு அணிகள், மூன்றே மாதம், தேர்ச்சி நிச்சயம். பேனரில் அவன் பெயருக்குப் பின்னால் பட்டங்கள். பெயருக்கு முன்னால் 'சொல்லரசர்'.

எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே புரிகிற மாதிரி பேசுகிறவனை யாரும் படித்தவன் என்று நம்புவதில்லை. பாஸ்டரின் பிரசங்கம் புரிந்துவிட்டால் காணிக்கை குறையும். வக்கீல் பேசுவது புரிந்துவிட்டால் கட்சிக்காரன் அடுத்த வாரமே வேறு வக்கீலைத் தேடிப் போவான். கல்யாணத்தில் வாழ்த்திப் பேசுகிறவன் ஒரு சொல்லாவது யாருக்கும் தெரியாத சொல்லாகப் போட வேண்டும். அதற்குத்தான் கை தட்டுவார்கள். இப்படி ஒரு ஊரில் இமாசுவென் பட்டினி கிடப்பானா?

முதல் நாள் வகுப்பில் முப்பது பேர் இருந்தோம். இமாசுவென் மேடை மேல் ஏறினான். மேடை என்பது நான்கு பழைய டயர்களின் மேல் போட்ட பலகை.

"அறிவுத் தாகம் கொண்ட அன்பர்களே," என்று ஆரம்பித்தான். "இன்று முதல் நாம் சொற்சமுத்திரத்தின் அடியாழத்தில் அவகாகனம் செய்து, அலங்கார ரத்தினங்களை அள்ளிவரப் பிரயத்தனம் செய்வோமாக."

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் 'ஆமென்' என்றார். அவர் சார்ஜென்ட் ஒக்பெய்டே. ஐம்பது தாண்டியவர். போலீஸில் இருபத்தெட்டு வருடம். இன்ஸ்பெக்டர் ஆவதற்கான துறைத் தேர்விலும் இங்கிலீஷ் உண்டு என்பதால் வந்திருந்தார். பழைய காலண்டர் தாளில் அட்டை போட்ட பெரிய நோட்டு. பேனா மூன்று நிறத்தில். முதல் வரிசையில் முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு, இமாசுவென் இருமினால்கூட எழுதிக்கொள்ளப் போகிறவர் போலத் தயாராக இருந்தார்.

ஒவ்வொரு வகுப்பிலும் முப்பது சொல், மூன்று அணி. சொல்லை அவன் உரக்கச் சொல்வான், நாங்கள் மூன்று முறை திருப்பிச் சொல்வோம், அவன் பொருள் சொல்வான், எழுதிக்கொள்வோம். கீழே டயர்க்காரர் ஜாக்கியை உருட்டுவார், மேலே முப்பது பெரியவர்கள் நர்சரிப் பிள்ளைகள் மாதிரிக் கத்துவோம். அழகுக்கு இங்கிலீஷில் 'பல்க்ரிட்யூட்' என்று ஒரு சொல் இருப்பதை அங்கேதான் தெரிந்துகொண்டேன். கேட்பதற்குத் தோலில் வரும் வியாதி மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னதற்கு, என் செவி இன்னும் பண்படவில்லை என்றான்.

அணிகள் இன்னும் மோசம். உவமை, உருவகம், உயர்வு நவிற்சி வரை சரி. அதற்கு மேல் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர்கள். ஒவ்வொன்றும் மருந்துச் சீட்டில் டாக்டர் எழுதுவது போல இருக்கும். பகுதியைச் சொல்லி முழுவதைக் குறிப்பதற்கு ஒரு பெயர், இல்லை என்று சொல்லி உண்டு என்று உணர்த்துவதற்கு ஒரு பெயர், ஒரே சொல்லில் தொடங்கும் வாக்கியங்களுக்கு ஒரு பெயர். பலகையில் ஒரு வரி எழுதுவான், அது எந்த அணி என்று கேட்பான், பெயர் சொன்னவருக்குக் கைதட்டு. நான் போன வரை ஒரு நாள்கூட எங்களை ஒரு வரி சொந்தமாக எழுத வைத்ததில்லை. சமையல் வகுப்புக்குப் போனால் பாத்திரங்களின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்யச் சொல்லி அனுப்புவது மாதிரி.

சார்ஜென்ட்தான் முதலில் மாட்டினார். ஜெனரேட்டர் திருடன் ஒருவனைப் பிடித்து அறிக்கை எழுதியிருந்தார். குற்றவாளி ஓடினான் என்று எழுதியிருக்கலாம். அவரோ இமாசுவெனிடம் கற்ற பதினேழு சொற்களை அதற்குள் செருகியிருந்தார். நீதிமன்றத்தில் மாஜிஸ்ட்ரேட் அறிக்கையை இரண்டு தரம் வாசித்துவிட்டு, இதில் யார் ஓடியது, யார் பிடித்தது என்று கேட்டாராம். சார்ஜென்ட் தன் நோட்டை எடுத்துப் புரட்டியிருக்கிறார். அதற்குள் கூண்டில் நின்ற திருடனே, "ஓடினது நான்தான் ஐயா, இவர் இல்ல," என்று உதவிக்கு வந்தானாம். வழக்கு ஒரு மாதம் தள்ளிப் போனது. அன்று சாயங்காலம் சார்ஜென்ட் இதை எங்களிடம் சிரிக்காமல் சொன்னார். மாஜிஸ்ட்ரேட்டின் இங்கிலீஷ் போதாது என்பது அவருடைய முடிவு. இமாசுவெனும் அதை ஆமோதித்தான். நான் வீட்டுக்குப் போகும்வரை சிரித்தேன். அடுத்து மாட்டப் போவது நான்தான் என்பது தெரியாத சிரிப்பு.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். மனதுக்குள் அவனை எவ்வளவு ஏளனம் செய்தாலும் அந்தச் சொற்கள் எனக்கும் ஏறிவிட்டன. புதுச் செருப்பு போட்டவள் நாலு பேர் இருக்கும் தெருவாகப் பார்த்து நடப்பது போல, எங்கே ஒன்றைப் போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை. அகெடோ என்று ஒரு வயதான தச்சர், வயிற்றுப்போக்கில் காய்ந்துபோய் வந்து சேர்ந்திருந்தார். இரண்டு பாட்டில் டிரிப் ஏறியதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மனைவியைக் கூப்பிட்டு இடித்த சேனைக்கிழங்கு வேண்டும் என்று சண்டை போட ஆரம்பித்தார். எனக்கு மகிழ்ச்சி. அவருடைய நோய்க்குறிப்புச் சீட்டை எடுத்தேன். இமாசுவென் அந்த வாரம் 'எனர்வேட்' என்று ஒரு சொல் கற்றுக்கொடுத்திருந்தான். எனர்ஜி ஏற்றுவது என்று பொருள் சொல்லியிருந்தான். கேட்டாலே தெரிகிறதே, யார் சந்தேகப்படுவார்கள்? இரண்டாவது பாட்டிலுக்குப் பிறகு நோயாளி முழுவதுமாக 'எனர்வேட்' ஆகியிருக்கிறார் என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்தேன்.

டாக்டருக்கு அன்று வீட்டில் விசேஷம். பேத்திக்குப் பெயர் வைக்கிறார்கள். வழக்கம்போல் இரண்டு மணிக்கு ஃபோன் செய்து சீட்டுகளைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வரவேற்பில் இருந்த பெண் நான் எழுதியதை அப்படியே படித்திருக்கிறாள். நான் மருந்து அறையில் இருந்தேன். இருபது நிமிடத்தில் கார் பிரேக் போடும் சத்தம் கேட்டது. டாக்டர் வெள்ளை லேஸ் உடையும் பவள மாலையுமாக ஓடி வருகிறார். ஓடி வந்தவர் அகெடோவின் படுக்கை முன்னால் நின்றார். அகெடோ வாய் நிறையக் கிழங்கோடு நிமிர்ந்து பார்த்து, பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டார்.

டாக்டர் என்னைக் கூப்பிட்டார். வார்டில் எட்டு நோயாளிகள், அவர்களுடைய சொந்தக்காரர்கள், எல்லாரும் இருந்தார்கள்.

"அமென்ஸே, இந்த மனுஷன் உசிரு ஒடுங்கிக் கெடக்குறார்னு எழுதியிருக்கே."

"இல்ல சார். நல்லா தெம்பா இருக்கார்னு எழுதியிருக்கேன்."

அவர் தன் ஃபோனில் அகராதியைத் திறந்து என் முகத்துக்கு நேராகக் காட்டினார். சக்தியை உறிஞ்சி எடுப்பது, வலுவிழக்கச் செய்வது. எனர்ஜிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

"பதினோரு வருஷமா நீ எழுதுறத நம்பித்தான் நான் வீட்டுல தூங்குறேன்," என்றார் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. "இனிமே 'எழுந்து உக்காந்தார், சாப்பாடு கேட்டார்'னு எழுது. அதுக்கு மேல ஒரு வார்த்தை எழுதினேன்னா உனக்கு இங்க வேலை இல்ல."

பவள மாலை குலுங்க அவர் திரும்பிப் போனார். மேட்ரன் மூன்று நாள் என் தட்டிலிருந்து மீன் எடுக்கவில்லை. அவர் கோபமாக இருந்தார் என்பதற்கு அதற்கு மேல் அடையாளம் வேண்டியதில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்றேன். அந்தச் சொல்லுக்குச் சார் சொன்ன பொருள் தவறு என்றேன். அகராதியையும் கொண்டுபோயிருந்தேன். இமாசுவென் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. கோட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அகராதி என்பது பாமரருக்கு உரித்தானது, மாண்புமிகு மாணவியே. அதிலுள்ளது கீழ்நிலைப் பொருள். யாம் போதிப்பது உயர்நிலைப் பொருள்."

வகுப்பு கை தட்டியது. பின்னால் ஒருவன், டிரிப் போடுகிறவளுக்குக் கீழ்நிலைப் பொருளே போதாதா என்றான். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"சார், உங்க உயர்நிலைப் பொருள்ல அந்தத் தச்சர் கிழங்கு தின்னுக்கிட்டிருக்கார். கீழ்நிலைப் பொருள்ல செத்துக்கிட்டிருக்கார். எந்தப் பொருளுக்குப் பெட்டி செய்யச் சொல்லட்டும்? அவரே தச்சருதான், தனக்குத்தானே செஞ்சுக்குவார்."

ஒரு சிலர் சிரித்தார்கள். சார்ஜென்ட் மட்டும் திரும்பி, சாரிடம் அப்படிப் பேசக் கூடாது என்பது போலக் கண்ணால் காட்டினார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டிய பணம் போனது போனதுதான்.

அதன் பிறகு பழைய வினாத்தாள்கள் வாங்கினேன். பத்து வருடத்துத் தாள்கள். உட்கார்ந்து பார்த்தபோது எனக்கே என் மேல் வெட்கம் வந்தது. அணிகளின் பெயர் கேட்கும் கேள்வி விரல் விட்டு எண்ணும் அளவுதான். மீதி எல்லாம் நம் வாயில் தினமும் புழங்குவது. அண்ணனுக்குக் கடிதம் எழுது, தலைமை ஆசிரியருக்குப் புகார் எழுது, இந்தப் பத்தியைப் படித்துவிட்டு அவன் ஏன் கோபப்பட்டான் என்று சொல். மூன்று தரமும் இதையா கோட்டை விட்டேன்? ஆமாம். மூன்று தரமும் நான் பெரிய சொல்லைத் தேடிக்கொண்டு விட்டத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

மருத்துவமனையில் தினமும் நடப்பதை ஒரு பக்கம் எழுதினேன். யார் வந்தார், என்ன சொன்னார், என்ன செய்தோம். மேட்ரன் சிவப்புப் பேனாவால் திருத்துவார். இலக்கணப் பிழைக்கு ஒரு கோடு, அலட்டலுக்கு இரண்டு கோடு. ஒரு மாதத்தில் இரண்டு கோடுகள் நின்றுவிட்டன.

தாமதமாகப் பதிவு செய்ததால் எனக்குத் தேர்வு மையம் ஊருக்குள் கிடைக்கவில்லை. வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருந்த ஒரு பெண்கள் பள்ளியில் போட்டார்கள். காலையில் போய் எண்ணைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு முதுகு. வெளிறிய நீலச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு. அந்த முதுகை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. மேற்பார்வையாளர் ஒவ்வொருவரின் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். அவன் முகத்தைத் திருப்பியபோது பார்த்தேன்.

சொல்லரசர் இமாசுவென். கோட்டு இல்லாததால் ஒடிசலாக, ஊர்ப் பையன் மாதிரி இருந்தான்.

அவனும் என்னைப் பார்த்துவிட்டான். முகம் வேகவைத்த கிழங்கு மாதிரி வெளுத்தது.

கேள்வி இதுதான். உங்கள் தெருவின் நிலை பற்றி வட்டாரக் கவுன்சில் தலைவருக்குக் கடிதம் எழுதுக. நான் போன வருட ஆகஸ்ட் மழையை எழுதினேன். மருத்துவமனை முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதை, ஆட்டோ வர மறுத்ததை, நிறைமாதப் பெண் ஒருத்தியை அவள் புருஷன் சிமெண்டு தள்ளும் கைவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்ததை, அவள் ஒரு கையால் வண்டியையும் மறு கையால் குடையையும் பிடித்திருந்ததை. எழுதும்போது ஒரு அணியின் பெயரும் நினைவுக்கு வரவில்லை. முன்னால் இமாசுவென் கூடுதல் தாள் கேட்டுக் கை தூக்கினான். பிறகு இன்னொரு முறை. பிறகு மூன்றாவது முறை.

முடிந்து வெளியே வந்து, பள்ளி வாசலில் அகாரா என்னும் பயறு வடை பொரித்துக்கொண்டிருந்தவளிடம் நாலு வாங்கிக்கொண்டு நின்றேன். அவன் பின்னாலேயே வந்தான்.

"அக்கா."

வகுப்பில் ஒரு தரம்கூட அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததில்லை.

"எத்தனாவது தடவை?" என்றேன்.

"ஆறு."

"அப்ப பேனர்ல போட்டிருக்கிற பட்டம்?"

"அது அச்சடிக்கிறவன் போட்டது." நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். "நான்தான் போடச் சொன்னேன்," என்றான்.

"கோட்டு எங்க?"

அவன் தன் ரப்பர் செருப்பைப் பார்த்துக்கொண்டான். "எனக்கு வார்த்தையெல்லாம் தெரியும் அக்கா. அகராதிய முழுசா ரெண்டு தடவை படிச்சிருக்கேன். எழுத உக்காந்தா என்ன சொல்றதுன்னுதான் தெரியல. எல்லாம் ஒரே நேரத்துல வந்து நிக்குது."

"முழுசாவா? ஒரு பக்கம் கிழிஞ்சிருந்திருக்கும். எங்க டாக்டர்கிட்ட அந்தப் பக்கம் இருக்கு, வேணும்னா வாங்கித் தரேன்."

அவன் சிரிக்க முயன்றான், வரவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். ஊரில் அவன் அம்மா, மகன் கல்லூரி விரிவுரையாளர் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். சர்ச்சில் அதற்காக நன்றிக் காணிக்கைகூடக் கொடுத்துவிட்டாளாம். பேருந்து ஹாரன் அடித்தது. சொல்ல மாட்டேன் என்றேன். இரக்கத்தால் அல்ல, இருக்கை கிடைக்காமல் போய்விடும் என்பதால். வழி நெடுக அந்த ரப்பர் செருப்பை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன். அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

ஆகஸ்டில் முடிவு வந்தது. எனக்கு சி நான்கு. பெரிய மதிப்பெண் இல்லை, ஆனால் நர்ஸ் பள்ளிக்குப் போதும். மேட்ரன் தன் தட்டிலிருந்து ஒரு முழு மீனை எடுத்து என் தட்டில் வைத்தார். டாக்டர் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதித் தந்தார். மூன்று வரி. எல்லாம் எளிய வார்த்தை.

இரண்டு வாரம் கழித்து மேட்ரன் சந்தையிலிருந்து மூச்சிரைக்க வந்தார்.

"உனக்கு சி நாலுதானே? டயர் கடை மேல உன் மூஞ்சிய ஆளுயரத்துக்கு மாட்டி ஏ ஒன்னுன்னு போட்டிருக்கானே. நர்ஸ் பள்ளிக்காரங்க அந்த வழியா போனாங்கன்னா மார்க்கத் திருத்தினவள்னு உன் பேர அடிச்சுடப் போறாங்க."

போய்ப் பார்த்தேன். சேரும்போது கொடுத்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கியிருந்தான். என் மூக்கு ஒரு ஜன்னல் அளவு இருந்தது. கீழே, சொல்லரசரின் பட்டறையில் வார்க்கப்பட்ட பொற்சிலை என்று எழுதியிருந்தது. ஏ ஒன்று தங்க நிறத்தில்.

மாடி ஏறினேன். வகுப்பில் இப்போது அறுபது பேர். கோட்டு திரும்பி வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி அவன் கண்ணில் அந்தப் பள்ளி வாசல் தெரிந்தது. பிறகு கைகளை விரித்தான்.

"இதோ, நமது பொற்சிலையே பிரத்தியட்சமாகப் பிரவேசித்திருக்கிறது. இருகரம் கூப்பி எதிர்கொள்வீராக."

என்னைப் பலகை மேடையில் ஏற்றி, மாணவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னான். தைரியமா, பைத்தியமா, நான் வாக்கு மாற மாட்டேன் என்ற நம்பிக்கையா, இன்றுவரை தெரியவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொன்னவள்தான் நான். அது என் முகத்தை அவன் மாட்டுவதற்கு முன்னால் சொன்னது.

"நான் வாங்கினது ஏ ஒன்னு இல்ல, சி நாலு," என்றேன். "இவர்கிட்ட பாதியிலேயே நின்னுட்டேன். அந்தப் பரீட்சைய இவரும் எழுதினார். எனக்கு ரெண்டு வரிசை முன்னாடி உக்காந்திருந்தார். ஆறாவது தடவை. இவர் என்ன வாங்கினார்னு இவரையே கேளுங்க."

கீழே டயரில் காற்று இறங்கும் சத்தம் கேட்டது. இமாசுவெனின் நெற்றியிலிருந்து ஒரு துளி இறங்கி டையில் விழுந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தான்.

"கவனித்தீர்களா?" என்றான். "தன்னையும் தாழ்த்தி, தன் ஆசானையும் தாழ்த்தி, அதன் வாயிலாக இருவரையும் உயர்த்துகிறார். தாழ்வு நவிற்சி அணி. எழுதிக்கொள்ளுங்கள்."

அறுபது தலைகள் குனிந்தன. அறுபது பேனாக்கள் எழுதின. என் கண்ணால் பார்த்தேன். ஒரு பெண் எழுத்துக்கூட்டல் கேட்டாள்.

படியில் இறங்கும்போது யாரோ பின்னால் வருவது தெரிந்தது. சார்ஜென்ட் ஒக்பெய்டே. இன்னும் அதே நோட்டு. இவரும் அணியைப் பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

"நீ சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "ரிசல்ட்டு வந்த அன்னிக்கே எங்கிட்ட காட்டினான். எஃப் ஒம்போது, சுத்தமா பெயில். உக்காந்து அழுதான்."

"தெரிஞ்சுமா இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். "ஸ்டேஷன்ல எம்புள்ள வயசுல இருக்கிற ஆபீசருங்க என்னைக் கிழவான்னுதான் கூப்பிடுவாங்க. தண்ணி கொண்டு வா கிழவா, கேட்டத் தெற கிழவா. இங்க மேல வந்தா நான் 'மாண்புமிகு காவல் அதிகாரி'. வாரத்துல மூணு சாயங்காலம். அதுக்குத்தான் பீஸ் கட்டுறேன். இங்கிலீஷுக்கு இல்ல."

பதிலுக்கு ஏதோ கூர்மையாகச் சொல்ல வந்தேன். அந்த வகுப்பில் நான் அதிகம் சிரித்தது இந்த மனிதரைப் பார்த்துத்தான். அவர் சல்யூட் மாதிரி கையை உயர்த்திவிட்டு, தாழ்வு நவிற்சியை எழுதிக்கொள்ள மேலே போனார்.

என் படத்தை விட்டு வைக்கவில்லை. மறுநாள் கட்டுத் துணி வெட்டும் கத்தரியைக் கொண்டுபோனேன். டயர்க்காரர் ஏணி கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை; வேலை முடிந்ததும் அந்தத் துணியை என்ன செய்யப் போகிறாய் என்று மட்டும் கேட்டார். என் வீட்டில் கூரை ஒழுகும் இடத்தில் விரித்தேன். நல்ல கெட்டித் துணி. பேனரில் என் முகம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதோடேயே அடுத்த மழைக்காலம் வரை தொங்கியது. அந்த வருடம் அவனிடம் நூறு பேர் சேர்ந்ததாகக் கேள்வி.

நர்ஸ் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, நகரத்துக்கு வெளியே ஒரு சுகாதார நிலையத்தில் என்னைப் பயிற்சிக்குப் போட்டார்கள். அப்போது தேர்தல் முடிந்து, வட்டாரக் கவுன்சிலுக்குப் புதுத் தலைவர் வந்திருந்தார். அவருடைய பொதுக்கூட்டங்களில் முன்னால் பேசிக் கூட்டத்தைச் சூடேற்றியவன் யார் தெரியுமா? ஏழாவது தரம் தேர்வெழுதும் தொல்லை இனி அவனுக்கு இல்லை. தலைவரின் உரை மற்றும் அறிவிப்புகளுக்கான தனி உதவியாளர் என்று பதவியும் கொடுத்துவிட்டார்கள், காரும் கொடுத்துவிட்டார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நிலையத்துக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர், பாய், அடுப்பு, நாற்காலிகளோடு. கையில் கவுன்சில் முத்திரை போட்ட காகிதம்.

"நர்ஸம்மா, வீட்ட என்னிக்கு இடிக்கிறாங்கன்னு இதுல பாத்துச் சொல்லுங்க," என்றாள். "மரத்துல ஒட்டியிருந்தாங்க. வாத்தியாருக்கே புரியல. கவுன்சில் காகிதம்னா வேற என்னத்துக்கு வரப்போகுது?"

வாங்கிப் படித்தேன். ஐந்து அகவைக்கு உட்பட்ட மழலைச் செல்வங்களின் தேகத்தில் வியாதி நிரோதத்தை ஸ்தாபிக்கும் பொருட்டு என்று தொடங்கி, முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு பக்கம் ஓடியது. மூன்று முறை படித்த பிறகுதான் தேதி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். கீழே யாருடைய கையெழுத்து என்று பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

"வீட்ட யாரும் இடிக்கல. நாளைக்குப் புள்ளைங்களுக்குப் போலியோ சொட்டு மருந்து," என்றேன். மூட்டைக்காரி மூட்டையை இறக்கிவிட்டு, கவுன்சிலையும் கவுன்சிலின் தாயையும் நீளமாகத் திட்டினாள். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் போகவில்லை.

காகிதத்தைத் திருப்பி, தடித்த பேனாவால் எழுதினேன். 'செவ்வாய்க்கிழமை காலை. சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். போலியோ சொட்டு மருந்து. காசு இல்லை.' எங்கள் எடோ மொழியிலும் அதையே எழுதி, இன்னும் சில காகிதங்களில் படி எடுத்தேன். ஒன்றை வாசலில் ஒட்டினோம், மற்றவற்றை மரத்திலும் தண்ணீர்க் குழாயிலும்.

மறுநாள் ஏழு மணிக்கே வரிசை சாலை வரை போய்விட்டது. பத்து மணிக்குத் தலைவர் கேமராக்களோடு வந்தார். பின்னால் இமாசுவென். கோட்டு புதிது, வெயில் பழையது. வாசலில் ஒட்டியிருந்த காகிதத்தின் முன்னால் நின்றுவிட்டான். உதடுகள் அசைய மெதுவாக வாசித்தான், நாலே வரிக்கு அவ்வளவு நேரம்.

"இது நீங்க எழுதினதா அக்கா?"

"ஆமா."

"இவ்வளவு பேரும் இதப் பாத்துட்டா வந்தாங்க?"

"பின்ன, உன்னோடதப் பாத்தவங்க எல்லாம் பாயச் சுருட்டிக்கிட்டு ஊரக் காலி பண்ணக் கிளம்பிட்டாங்க."

அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஃபோனை எடுத்து அந்தக் காகிதத்தைப் படம் பிடித்தான். பிடித்தது சரியாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தான். இன்னும் ஏதோ கேட்க வந்தது மாதிரி இருந்தது. அதற்குள் தலைவர் மைக்கிலிருந்து அவன் பெயரைச் சொன்னார். அவன் ஃபோனைப் பையில் போட்டான், டையைச் சரி செய்தான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனான்.

அறிவுத் தாகம் கொண்ட அன்னையரே என்று தொடங்கினான். நான் அடுத்த பிள்ளையின் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்தேன்.